வேட்டை அம்பு: முனையிலிருந்து பின்னோக்கித் தேர்ந்தெடுத்துச் செய்யும் முறை

பாரம்பரிய வில்லோடு வேட்டைக்குப் போக விரும்புகிறவர்களில் பலர் தங்கள் நேரத்தையும் பணத்தையும் வில்லைத் தேர்ந்தெடுப்பதிலேயே செலவிட்டுவிட்டு, அம்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து. அம்பைத் தள்ளிவிடுவதோடு வில்லின் வேலை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நேராகப் பறப்பதும், குறித்த இடத்தை அடைவதும், உள்ளே ஊடுருவுவதும் அம்பின் பொறுப்பு. தனக்குப் பொருந்திய அம்பு கிடைத்தால் சுமாரான வில்லும் வேட்டைக்குப் போதுமானதாகிவிடும். பொருந்தாத அம்பை எவ்வளவு உயர்ந்த வில்லாலும் நேராக அனுப்ப முடியாது.

அம்பின் பாகங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. வழக்கமாக முதலில் தண்டுகளை வாங்கி, பிறகு இறகு ஒட்டி, கடைசியில் கைக்குக் கிடைத்த முனையைப் பொருத்துகிறார்கள். முனையின் எடை மாறினால் தண்டு வளையும் அளவும் மாறிவிடும் என்பதால், இப்படிச் செய்த அம்புகள் பயிற்சியில் ஒருவிதமாகவும் வேட்டையில் வேறுவிதமாகவும் பறக்கின்றன. எந்த விலங்குக்கு எந்த முனை என்பதை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து அம்பின் மொத்த எடையையும், அந்த எடைக்கேற்ற விறைப்பையும், அந்த விறைப்பைத் தரக்கூடிய மரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிவு செய்வதே சரியான முறை. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் செல்கிறது.

சட்டத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வில்வேட்டை எல்லா நாடுகளிலும் அனுமதிக்கப்பட்டதல்ல. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் அதற்குத் தடை உண்டு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே தடை செய்கிறது. அமெரிக்க மாநிலங்கள், பிரான்ஸ், டென்மார்க், ஹங்கேரி போன்ற இடங்களில் உரிமம் பெற்று வேட்டையாடலாம். அங்கும் வில்லின் குறைந்தபட்ச இழுவிசை, முனையின் குறைந்தபட்ச அகலம் ஆகியவற்றைப் பல இடங்களில் விதிகளே வரையறுத்திருக்கின்றன. முனையை வாங்குவதற்கு முன்பே அந்த விதிகளைப் படித்துவிட வேண்டும். வேட்டைக்கு அனுமதி இல்லாத இடத்தில் வாழ்பவர்களுக்கும், இலக்குப் பலகையில் எய்வதற்கு இதே செய்முறை அப்படியே பொருந்தும்.

வில்லிலிருந்து எடுக்க வேண்டிய அளவுகள்

ஒரே மரத்துண்டில் செதுக்கிய வில், பல அடுக்குகளை ஒட்டிச் செய்த நெடுவில், நுனிகள் எதிர்ப்புறமாக வளைந்த ரிகர்வ் வில் ஆகிய மூன்றில் எதை வைத்திருந்தாலும், அம்பு செய்பவருக்கு அதிலிருந்து சில அளவுகள் தேவை. முதலாவது, வில் உங்கள் கையில் காட்டும் உண்மையான இழுவிசை. வில்லின் மேல் எழுதப்பட்டிருக்கும் எண் பெரும்பாலும் 28 அங்குல இழுப்பில் அளந்தது. ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஏறத்தாழ 2 முதல் 3 பவுண்டு மாறும் என்பதால், 50 பவுண்டு என்று எழுதிய வில்லை 26 அங்குலம் மட்டுமே இழுக்கிறவர் உண்மையில் 45 பவுண்டை ஒட்டித்தான் பயன்படுத்துகிறார். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வில்லில் எழுதிய எண்ணுக்கு அம்பு வாங்கினால், தொடக்கத்திலேயே தண்டு தேவைக்கு அதிகமாக விறைப்பாகிவிடும்.

இழுப்பு நீளத்தை அளக்க, நீளமான அம்பு ஒன்றை நாணில் ஏற்றி, எப்போதும் எய்யும் அதே நிலையில், விரல் முகத்தைத் தொடும் இடம் வரை இழுத்து நிற்க வேண்டும். வில்லின் முன்பக்கம் அம்பைத் தொடும் இடத்தில் வேறொருவர் பென்சிலால் குறிக்கட்டும். அளக்கப்படுகிறோம் என்ற உணர்வில் பலரும் வழக்கத்தைவிட ஓர் அங்குலம் அதிகமாக இழுத்துவிடுவார்கள். ஆகவே சில அம்புகளை எய்து உடல் தளர்ந்த பிறகு அளப்பது நல்லது. பிறகு அந்த நீளத்தில் தராசுக் கொக்கியை மாட்டி இழுவிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி வரும் கணக்குகள் அனைத்தும் இந்த எண்ணிலிருந்தே தொடங்குகின்றன.

இரண்டாவதாக, அம்பு தங்கும் தட்டு வில்லின் நடுக்கோடு வரை வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ரிகர்வ் வில்களில் நடுக்கோடு வரையோ அதைத் தாண்டியோ வெட்டியிருப்பார்கள். பழைய பாணி நெடுவில்லிலும் ஒற்றை மர வில்லிலும் தட்டு நடுவிலிருந்து வெளியே தள்ளியே இருக்கும். அப்படிப்பட்ட வில்லிலிருந்து புறப்படும் அம்பு கைப்பிடியைச் சுற்றி அதிகமாக வளைந்து செல்ல வேண்டியிருப்பதால், அதற்குச் சற்று இளகிய தண்டு தேவை. மூன்றாவது, நாண். நீளாத நவீன இழைகளால் செய்த நாண் அம்பை வேகமாகத் தள்ளும். டாக்ரான் என்ற, சற்று நீளும் பாலியஸ்டர் இழையால் செய்த நாண் மெதுவாகத் தள்ளும். பழைய வில்களின் நுனிகள் நீளாத நாணின் அதிர்ச்சியைத் தாங்கும்படி வலுப்படுத்தப்பட்டிருக்காது. உறுதியாகத் தெரியாதவரை அவற்றுக்கு டாக்ரான் நாணையே கட்டுங்கள்.

இழுவிசை எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: குளிரில், உட்கார்ந்த நிலையில், பல மணி நேரம் அசையாமல் காத்திருந்த பிறகும் நடுக்கமின்றி முழுதாக இழுக்க முடிகிற அளவு. மான் அளவிலான விலங்குக்குக் கூர்மையான முனையோடு 45 பவுண்டு வில் போதும். 60 பவுண்டு வில்லை முக்கால் அளவு மட்டுமே இழுத்துப் பதற்றத்தில் விடுகிறவரைவிட, 45 பவுண்டு வில்லை முழுதாக ஆள்கிறவர் சிறந்த வேட்டைக்காரர்.

முனை

வேட்டை முனை வெட்டுவதன் மூலமாகவே கொல்கிறது. துப்பாக்கிக் குண்டைப் போல அதிர்ச்சியால் வீழ்த்தும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆகவே முனையின் கூர்மையும், அது எவ்வளவு ஆழம் செல்கிறது என்பதும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. பாரம்பரிய வில்லின் ஆற்றல் குறைவு என்பதால், அகலமான மூன்று, நான்கு அலகு (வெட்டும் தகடு) முனைகளைவிட, நீண்டு ஒடுங்கிய, அசையாத இரண்டு அலகு முனையையே நான் பரிந்துரைக்கிறேன். நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்காக இருந்தால் அது மிகக் குறைந்த தடையோடு உள்ளே செல்லும். இலக்கில் பட்டதும் விரிகிற இயந்திர முனைகள் விரிவதற்கே ஆற்றலைச் செலவழிப்பதால் அவற்றை இந்த வில்களுக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே சரி.

விளிம்பைத் தீட்டும் விதத்திலும் இரண்டு வகை உண்டு. இருபுறமும் சாய்வாகத் தீட்டிய விளிம்பு எளிதில் கூராகும். ஒருபுறம் மட்டும் சாய்வாகத் தீட்டிய விளிம்பு உள்ளே செல்லும்போது சுழன்றுகொண்டே போகும். எலும்பில் பட்டால் அந்தச் சுழற்சி எலும்பைப் பிளக்கத் துணை செய்கிறது. ஒருபுறச் சாய்வு முனையைத் தேர்ந்தெடுத்தால், அது சுழலும் திசையும் இறகுகள் அம்பைச் சுழற்றும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். இடது சாய்வுக்கு இடது சிறகின் இறகு, வலது சாய்வுக்கு வலது சிறகின் இறகு என்பது விதி. இல்லாவிட்டால் காற்றில் ஒரு திசையில் சுழன்று வந்த அம்பு, உடலுக்குள் நுழைந்ததும் எதிர்த்திசையில் திரும்ப முயன்று, அங்கேயே தன் ஆற்றலை இழந்துவிடும்.

தீட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. கடையிலிருந்து வந்த முனை எதுவும் வேட்டைக்குத் தயாரான கூர்மையோடு வருவதில்லை என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. முதலில் அரத்தால் சாய்வின் கோணத்தைச் சீராக்க வேண்டும். சாய்வின் மேல் மார்க்கர் மையைத் தடவிக்கொண்டு அரத்தை இழுத்தால், மை எங்கே அழிகிறது என்பதைப் பார்த்துக் கோணம் சரியா தவறா என்று உடனே தெரிந்துகொள்ளலாம். விளிம்பின் மறுபக்கத்தில், முழு நீளத்துக்கும் நகத்தில் தட்டுப்படும் மெல்லிய பிசிறு எழும்பும் வரை ஒரு பக்கத்தைத் தீட்டி, பிறகு சாணைக்கல்லில் மென்மையாக இருபுறமும் மாற்றி மாற்றி இழுத்து அந்தப் பிசிறை நீக்கி, இறுதியாகத் தோலில் உரசி முடிக்க வேண்டும். இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்டின் மேல் விளிம்பை வைத்து லேசாக நகர்த்திப் பாருங்கள். அழுத்தாமலேயே அது அறுந்தால் முனை தயார். இரண்டு நாள் ஈரத்தில் கிடந்தாலே கார்பன் எஃகு விளிம்பு மங்கத் தொடங்குமென்பதால், தீட்டிய பின் மெல்லிய எண்ணெய் அல்லது வாசலின் தடவி வையுங்கள்.

எடை

அம்பின் எடையைக் கிரெய்ன் என்ற அலகில் சொல்வது வழக்கம். 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. ஒரு கிராமுக்குச் சுமார் 15.4 கிரெய்ன். வேட்டை அம்புக்கு, இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 9 முதல் 11 கிரெய்ன் வரை இருப்பது நல்ல அளவு. 46 பவுண்டு இழுவிசைக்கு 10 கிரெய்ன் வீதம் 460 கிரெய்ன் வருகிறது. 500-ஐச் சற்றுத் தாண்டினாலும் குறையில்லை. எடை கூடினால் வேகம் குறையும், பாதை வளையும், தொலைவைக் கணிப்பதில் செய்யும் பிழையின் விளைவு பெரிதாகும். மறுபுறம், கனமான அம்பு வில்லில் சேர்ந்த ஆற்றலின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு போவதால், வில் அதிர்வது குறைந்து சத்தமும் அடங்கும். அம்பு வந்து சேரும் முன்பே நாணின் ஓசையைக் கேட்டு விலங்கு குதித்துவிடுவது வில்வேட்டையின் பெரிய சிக்கல் என்பதால், இந்த அமைதியை நான் வேகத்துக்கு மேலாக மதிக்கிறேன். வேட்டை அம்புகளின் ஊடுருவலை நெடுங்காலம் ஆராய்ந்த எட் ஆஷ்பி, கனமான எலும்பைத் துளைத்துச் செல்ல ஏறத்தாழ 650 கிரெய்ன் எடை தேவை என்று சொல்கிறார். பெரிய விலங்குகளை நாடுகிறவர்கள் அதை மனத்தில் கொள்ளலாம். மானுக்கு அவ்வளவு கனம் கட்டாயமில்லை.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முன்பக்கம் கனமான அம்பு விரைவில் நேராகி, இறகுகளின் பிடிக்குக் கட்டுப்படும். இதைக் கணக்கிட, நாணைக் கவ்வும் பிளவின் அடியிலிருந்து தண்டின் முன்முனை வரை நீளத்தை அளந்து, பாதியைக் கண்டுபிடியுங்கள். முனை பொருத்திய அம்பைக் கத்தி விளிம்பின் மேல் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் குறியுங்கள். சமநிலைப் புள்ளி பாதியைவிட எவ்வளவு முன்னே இருக்கிறது என்பதை மொத்த நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் விழுக்காடு கிடைக்கும். 29 அங்குல அம்பில் சமநிலைப் புள்ளி 17.7 அங்குலத்தில் இருந்தால், 14.5-ஐக் கழித்து 3.2, அது 11 விழுக்காடு. மர அம்புக்கு 10 முதல் 15 வரை இருந்தால் போதும்.

விறைப்பு

நாண் முன்னோக்கிப் பாயும்போது, அம்பின் பின்பக்கம் தள்ளப்பட, முன்பக்கத்தில் உள்ள முனையின் எடை அசைய மறுக்கிறது. அந்த நொடியில் தண்டு வளைகிறது. வில்லின் கைப்பிடியைச் சுற்றி வளைந்து, பிறகு எதிர்ப்புறம் வளைந்து, பல முறை அலைந்து நேராகிறது. இந்த அலைவு சரியான அளவில் இருந்தால் இறகுகள் கைப்பிடியைத் தொடாமலேயே கடந்துவிடும். தண்டு அதிகம் விறைப்பாக இருந்தால் வலக்கை வில்லாளிக்கு அம்பு இடப்புறம் ஒதுங்கும். அதிகம் இளகியிருந்தால் வலப்புறம் ஒதுங்கும். இடக்கை வில்லாளிக்கு இவை இடம் மாறும். ஸ்பைன் என்று வில்லாளிகள் சொல்வது இந்த விறைப்பைத்தான். அம்பு செய்வதில் மற்ற எல்லாத் தேர்வுகளையும்விட இதற்கே நான் முதலிடம் தருவேன்.

மரத்தண்டின் ஸ்பைனை வீட்டிலேயே அளக்கலாம். 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகளை நிறுத்தி, அவற்றின் மேல் தண்டை வைத்து, சரியாக நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, தண்டு எவ்வளவு அங்குலம் கீழே தாழ்கிறது என்று பாருங்கள். 26-ஐ அந்த எண்ணால் வகுத்தால் பவுண்டுக் கணக்கில் ஸ்பைன் கிடைக்கும். 0.52 அங்குலம் தாழ்ந்தால் 50 பவுண்டு, 0.433 தாழ்ந்தால் 60 பவுண்டு. கார்பன் தண்டுகளை வேறுவிதமாக அளக்கிறார்கள்: 28 அங்குல இடைவெளி, 1.94 பவுண்டு எடை. 500 என்று குறித்த கார்பன் தண்டு அரை அங்குலம் தாழ்கிறது என்று பொருள். எண் பெரிதாகப் பெரிதாகத் தண்டு இளகியது. மரத்தில் எண் பெரிதானால் விறைப்பு கூடும், கார்பனில் குறையும் என்ற வேறுபாடு புதியவர்களை அடிக்கடி குழப்புகிறது.

வில்லுக்குத் தேவையான ஸ்பைனைக் கணிக்க, 28 அங்குலத் தண்டு, 125 கிரெய்ன் முனை என்பதை அடிப்படையாகக் கொண்டு, முன்பு அளந்த உண்மையான இழுவிசையிலிருந்து தொடங்குங்கள். தண்டின் நீளம் ஒவ்வோர் அங்குலம் கூடும்போதும் 5 பவுண்டு சேர்க்க வேண்டும்; முனையின் எடை 25 கிரெய்ன் கூடும்போதும் ஏறத்தாழ 5 பவுண்டு; நீளாத நாணுக்கு மேலும் 5. நடுக்கோடு வரை வெட்டப்படாத வில்லுக்கு 5 முதல் 10 வரை கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, நடுக்கோடு வரை வெட்டிய 46 பவுண்டு ரிகர்வ், டாக்ரான் நாண், 29 அங்குலத் தண்டு, 160 கிரெய்ன் முனை என்று வைத்துக்கொள்வோம்: 46-உடன் நீளத்துக்கு 5, முனைக்கு 7 சேர்த்தால் 58. ஆகவே 55 முதல் 60 பவுண்டு வகுப்புத் தண்டு பொருத்தமான தொடக்கம். இது கணிப்பு மட்டுமே. இறுதி முடிவை வில்லே சொல்லும். அதனால் ஒரே வகுப்பில் ஒரு டஜன் வாங்குவதற்கு முன், அடுத்தடுத்த மூன்று வகுப்புகளில் இரண்டிரண்டு தண்டுகளை வாங்கிச் சோதிப்பது சிக்கனமான வழி.

நீளத்தைத் தீர்மானிக்கும்போது பாதுகாப்பை மறக்கக் கூடாது. முழுதாக இழுத்த நிலையில் வேட்டை முனையின் பின்விளிம்பு வில்லைப் பிடித்த விரலுக்கு முன்னே தெளிவாக நிற்க வேண்டும். இழுப்பு நீளத்தைவிடத் தண்டு குறைந்தது ஓர் அங்குலம் நீண்டிருப்பது அவசியம்.

மரம்

அம்புத்தண்டுக்குப் பெயர்பெற்ற மரம் போர்ட் ஓர்ஃபோர்ட் சீடர். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் தென்மேற்கிலும் கலிஃபோர்னியாவின் வடமேற்கிலும் மட்டும் இயற்கையாக வளரும் இம்மரம், எடை குறைந்தது, இழை நேரானது. ஒருமுறை நேராக்கினால் பெரும்பாலும் நேராகவே நிற்கும். வெட்டும்போது எழும் காரமான மணமே அதை அடையாளம் காட்டிவிடும். வேரைத் தாக்கும் ஒரு நோய் அதன் காடுகளை அழித்துவருவதால், நல்ல தரமான தண்டுகள் முன்போல எளிதில் கிடைப்பதில்லை. டக்ளஸ் ஃபிர் அதைவிடக் கனமும் உறுதியும் உடையது. வேட்டை அம்புக்கு அதை நான் மனப்பூர்வமாகப் பரிந்துரைப்பேன். சிட்கா ஸ்ப்ரூஸ் எடைக்கு மிஞ்சிய உறுதி கொண்டது. ஆஷ், ஹிக்கரி ஆகியவை மிகக் கனமானவை, எளிதில் உடையாதவை. ஹிக்கரியை நேராக்கி நேராகவே வைத்திருப்பது பொறுமையைச் சோதிக்கும். மூங்கில் வேறு வகை: அதன் உறுதி முழுவதும் வெளித்தோலில் இருப்பதால் சுற்றளவைச் சீவிக் குறைக்க முடியாது; கணுக்களை மட்டும் லேசாக உரசி, ஒவ்வொரு கணுவையும் தனித்தனியே சூடாக்கி நேராக்க வேண்டும். இந்த உழைப்பைக் கொடுத்தால் அது மற்ற மரங்களைவிட நீண்ட நாள் உழைக்கும்.

கடைத்தண்டு இல்லாமலேயே புதர்ச்செடிகளின் நேரான இளங்கிளைகளை வெட்டி, கட்டி, மெதுவாக உலர்த்தி அம்பு செய்யும் வழக்கம் மிகப் பழமையானது. 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, 5000 ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஓட்சி என்ற மனிதரின் அம்பறாத்தூணியில் 14 தண்டுகள் இருந்தன. அவை பெரும்பாலும் விபர்னம் புதரின் கிளைகளிலிருந்து செய்யப்பட்டவை. அவற்றில் இரண்டு மட்டுமே முடிக்கப்பட்டிருந்தன. அந்த இரண்டிலும் மூன்று இறகுகளைப் பிர்ச் மரத்தாரால் ஒட்டி, மெல்லிய நூலால் நெருக்கமாகச் சுற்றியிருந்தார்கள். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலில் கிடைத்த ஆயிரக்கணக்கான அம்புகளில் பெரும்பாலானவை பாப்லர் மரத்தாலானவை. எந்த மரம் என்பதைவிட, அந்த மரத்தில் எந்தத் தண்டு என்பதே முக்கியம் என்பதற்கு இவை நல்ல சான்றுகள்.

தண்டைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது இழை ஓட்டத்தை. மரத்தின் இழைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தண்டோடு இணையாக ஓட வேண்டும். நடுவழியிலேயே பக்கவாட்டில் வெளியேறிவிடும் இழைகள் நீண்ட அம்புக்குறி போன்ற வடிவங்களாகத் தண்டின் மேல் தெரியும். அவை குறுகியதாகவும் அடிக்கடியும் தோன்றினால் அந்தத் தண்டை ஒதுக்கிவிடுங்கள். எய்யும்போது அது உடைந்து வில் பிடித்த கையில் குத்தக்கூடும். வன்பொருள் கடையின் உருட்டு மரக்குச்சிகளில் இந்தக் குறை மிக அதிகம்.

செய்முறை

வாங்கிய தண்டுகளை முதலில் எடையாலும் ஸ்பைனாலும் பிரியுங்கள். ஒரே தொகுதியில் ஸ்பைன் வேறுபாடு 5 பவுண்டுக்குள்ளும் எடை வேறுபாடு 10 முதல் 15 கிரெய்னுக்குள்ளும் இருக்கட்டும். ஒவ்வொரு தண்டிலும் அந்த எண்களைப் பென்சிலால் எழுதுங்கள்.

அடுத்து நேராக்குதல். தண்டை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பின்முனையிலிருந்து நுனி வரை நோட்டம் விட்டுக்கொண்டே மெதுவாகச் சுழற்றினால் எங்கே வளைவு என்று தெரியும். லேசான வளைவு என்றால், வளைவின் வெளிப்பக்கத்தை உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி, மரம் சூடாகும் வரை தேய்த்தாலே போதும். பிடிவாதமான வளைவுக்கு வெப்பம் தேவை: மின் அடுப்பு அல்லது வெப்பக் காற்றுக் கருவியின் மேல், கருகாதபடி தண்டை ஓயாமல் நகர்த்தி, தொட முடியாத அளவு சூடானதும் துணியால் பிடித்து எதிர்த்திசையில் தேவைக்குச் சற்று மிஞ்சி வளைத்து, ஆறும் வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். ஆறுவதற்கு முன் கையை எடுத்தால் வளைவு திரும்பி வந்துவிடும். மறுநாள் மீண்டும் பார்த்து, திரும்ப வளைந்தவற்றை மறுபடி நேராக்குங்கள்.

நாணைக் கவ்வும் பின்பிளவுக்கு நாக் என்று பெயர். அதை எந்தத் திசையில் அமைப்பது என்பதில் கவனம் வேண்டும். பிளவு வளர்ச்சி வளையங்களுக்குக் குறுக்கே இருக்க வேண்டும்; அப்போதுதான் நாணின் அழுத்தத்தில் மரம் வளையத்தோடு பிளக்காது; ஒவ்வோர் அம்பின் விறைப்பான பக்கமும் ஒரே மாதிரி வில்லை நோக்கி அமையும். மேலும், தண்டின் மேற்புறத்தில் தெரியும் இழைக்கூர்கள் (முன்பு சொன்ன அம்புக்குறி வடிவங்களின் கூர்கள்) அம்பின் முன்முனையை நோக்கி இருக்கும்படி தண்டைத் திருப்பிக்கொள்ளுங்கள். தண்டு உடைய நேர்ந்தால் பிளவுபட்ட முனை கையை விட்டு விலகி மேலே செல்லும்.

தண்டின் முன்முனையை 5 பாகை கூம்பாகவும், பிளாஸ்டிக் நாக் பொருத்துவதாக இருந்தால் பின்முனையை 11 பாகை கூம்பாகவும் சீவ வேண்டும். பென்சில் சீவி போன்ற கருவி மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அதன் அலகு மழுங்கினால் கூம்பு ஒருபுறம் சாய்ந்துவிடும். சுழலும் உப்புத்தாள் தட்டில் கோணம் வைத்துத் தேய்ப்பதே துல்லியமானது. கனமான மரத்தில் நாக்கைத் தண்டிலேயே அறுத்துக்கொள்ளலாம்; அதற்கு நேர் கீழே நூலைச் சுற்றிப் பசையில் நனைத்தால் பிளவு மேற்கொண்டு இறங்காது. நாக் நாணைக் கவ்வியபடி அம்பின் சொந்த எடையைத் தாங்கித் தொங்க வேண்டும்; நாணை லேசாகத் தட்டினால் விழுந்துவிட வேண்டும். அதைவிட இறுக்கமாக இருந்தால் தேயுங்கள்.

ஈரம் மர அம்பின் பகை. வார்னிஷ், பாலியூரித்தேன், ஷெல்லாக் ஆகியவற்றில் எதையாவது மெல்லிய அடுக்குகளாக மூன்று முறை பூசி, இடையிடையே நுண்ணிய உப்புத்தாளால் தேயுங்கள். இறகு ஒட்டும் பசை அந்தப் பூச்சோடு ஒத்துப்போகிறதா என்பதை ஒரு துண்டுத் தண்டில் முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். சில பசைகள் சில பூச்சுகளைக் கரைத்துக் குமிழாக்கிவிடும்.

இறகுகளுக்கு வான்கோழியின் சிறகு இறகே வழக்கம். வாத்தின் இறகு இயற்கையான எண்ணெயால் மழையை அதிகம் தாங்கும். கைப்பிடித் தட்டின் மேலிருந்து நேரடியாக எய்கிற வில்லுக்குப் பிளாஸ்டிக் தகடுகள் ஒத்துவராது. இறகு தட்டில் பட்டால் மடங்கிக்கொடுக்கும், பிளாஸ்டிக் அம்பையே தூக்கி எறிந்துவிடும். ஓர் அம்பில் எல்லா இறகுகளும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வந்திருக்க வேண்டும். இரண்டு இறகுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் அவற்றின் இயல்பான வளைவு ஒரே திசையில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அகன்ற வேட்டை முனை காற்றில் சிறகைப் போலவே இயங்கி அம்பைத் திருப்ப முயல்வதால், அதை அடக்க 5 அங்குல நீளமுள்ள மூன்று இறகுகளை, அவற்றின் இயல்பான வளைவின் திசையிலேயே திருகலாக ஒட்டுங்கள். நாக்கின் பிளவுக்குச் செங்குத்தாக நிற்கும் இறகு வில்லை விட்டு வெளியே பார்க்கும். ஒட்டி முடித்ததும் ஒவ்வோர் இறகின் முன்நுனியிலும் ஒரு சொட்டுப் பசை வைக்க மறக்காதீர்கள். அந்த நுனி பெயர்ந்திருந்தால், அம்பு வில்லைக் கடக்கும்போது கூரான காம்பு கையின் தோலுக்குள் இறங்கிவிடும்.

முனையை வெப்பத்தில் உருகும் பசையால் ஒட்டுங்கள். முனையைச் சூடாக்கி, கூம்பில் பசையைத் தடவி, திருகிக்கொண்டே அழுத்தி, உடனே அம்பைச் சுழற்றிப் பாருங்கள். கூர்நுனி மரப்பலகையில் ஊன்றியிருக்க, தண்டை விரல்களால் பம்பரமாகச் சுற்றினால், முனை ஆடுகிறதா என்பது கண்ணுக்கும் விரலுக்கும் தெரியும். ஆடினால், பசை ஆறுவதற்குள் சற்றுத் திருகி மீண்டும் சுற்றுங்கள். ஆடும் வேட்டை முனையை எந்த இறகாலும் நேராக்க முடியாது.

சோதனை

இறகில்லாத ஒரு தண்டையும் இறகுள்ள மூன்று அம்புகளையும், எல்லாவற்றிலும் வேட்டை முனையின் அதே எடையுள்ள பயிற்சி முனையோடு, 10 முதல் 15 மீட்டர் தொலைவில் மென்மையான இலக்கில் எய்யுங்கள். வலக்கையாளருக்கு இறகில்லாத் தண்டு இடப்புறம் பட்டால் விறைப்பு அதிகம். முனையின் எடையைக் கூட்டுங்கள். வலப்புறம் பட்டால் இளக்கம் அதிகம். முனையைக் குறையுங்கள் அல்லது நீளம் இருந்தால் தண்டைக் கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டுங்கள். அது இறகுள்ளவற்றுக்கு மேலே பட்டால் நாணில் அம்பு ஏறும் இடம் தாழ்வாக இருக்கிறது என்று பொருள். தட்டிலிருந்து நாணுக்குச் செங்குத்தாக இழுத்த கோடு நாணைத் தொடும் இடத்துக்கு அரை அங்குலம் மேலே அந்த இடத்தைக் குறித்துத் தொடங்குவது நல்லது. இறகில்லாத் தண்டும் இறகுள்ள அம்புகளும் ஒரே இடத்தில் பட்ட பிறகே வேட்டை முனையோடு எய்து பாருங்கள். வேட்டை முனையும் பயிற்சி முனையும் ஒரே இடத்தில் படாதவரை அந்தத் தொகுதி வேட்டைக்குத் தயாராகவில்லை.

இந்தச் சோதனை உங்கள் தொலைவின் எல்லையையும் சொல்லிவிடும். முதல் அம்பையே, உடல் தயாராகாத நிலையில், உள்ளங்கை அகலத்துக்குள் எப்போதும் வைக்க முடிகிற தொலைவு எதுவோ அதுவே எல்லை. பெரும்பாலானவர்களுக்கு அது 15 முதல் 20 மீட்டரைத் தாண்டுவதில்லை. தாண்டாததில் குறையும் இல்லை.

மற்ற கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்கைக் காப்பு, விரலுறை, நாணின் அதிர்வை அடக்கும் கம்பளி அல்லது ரப்பர் குஞ்சங்கள் போதும். அம்பறாத்தூணி மட்டும் முனைகளை முழுதாக மூடிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். திறந்த வேட்டை முனையோடு தடுக்கி விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்னும் தண்டைக் காதருகே பிடித்து லேசாக வளைத்துப் பாருங்கள். சிறிய முறியும் ஓசை கேட்டாலும், விரல் நகத்தில் ஒரு கீறல் தட்டுப்பட்டாலும், அதை உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட கார்பன் தண்டாக இருந்தால் அதன் ஊசி போன்ற சில்லுகள் கைக்குள் நுழையும் என்பதால் இன்னும் கவனம் தேவை. பருவம் முடிந்ததும் அம்புகளைச் சுவரில் சாய்த்து வைக்காமல், கிடைமட்டமான தாங்கியிலோ நாக்கிலிருந்து தொங்கவிட்டோ உலர்ந்த இடத்தில் வையுங்கள். அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் அவற்றை மீண்டும் நோட்டம் விட்டு நேராக்கி, பூச்சு உரிந்த இடங்களில் வார்னிஷ் பூசி, தண்டில் எழுதிய எண்களோடு எடையை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.